அறத்துக்கும் ஒரு காவல்

கெய்ரோ நகரின் கோட்டை அடிவாரத்தில் மம்லூக் சுல்தான் ஹஸன் எழுப்பிய மாபெரும் பள்ளிவாசலைப் பற்றிப் பயணிகள் எழுதாத புகழ்மொழி இல்லை. ஹிஜ்ரி 757-இல் (கி.பி. 1356) தொடங்கப்பெற்ற அக்கட்டடத்தில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மதரஸாக்கள் இருந்தன. அவற்றோடு எத்தீம் பிள்ளைகளுக்கென ஒரு மக்தபும் அமைக்கப்பட்டிருந்தது. தந்தையை இழந்த சிறுவர்கள் அங்கே அமர்ந்து திருக்குர்ஆன் ஓதினார்கள். அவர்களுடைய உணவும் உடையும் வக்ஃபுச் சொத்துகளின் வருமானத்திலிருந்து கிடைத்தன.

ஹிஜ்ரி 762, ரபீவுல் ஆகிர் 6-ஆம் நாள் (கி.பி. 1361) அந்தப் பள்ளிவாசலின் தலைவாயில் மீது எழுப்பப்பட்டிருந்த மினாரா இடிந்து விழுந்தது. வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) தரும் கணக்கின்படி, ஏறத்தாழ முந்நூறு உயிர்கள் அதனடியில் மாண்டன. மக்தபில் ஓதிக்கொண்டிருந்த எத்தீம்களும் மற்றவர்களும் அவர்களில் அடங்குவர். எத்தீம்களில் உயிர் தப்பியோர் ஆறே பிள்ளைகள்.

அடுத்து நடந்ததைத்தான் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நகர மக்கள் அதை ஆட்சியின் வீழ்ச்சிக்கு அறிகுறி எனப் பேசிக்கொண்டார்கள். பெரும் கல்விமான் ஒருவர் அப்பேச்சை மறுத்து, கீழே ஓதப்பட்ட இறைமறையைக் கேட்ட உருக்கத்தால் மினாரா சாய்ந்தது என்ற கருத்தில் செய்யுள் இயற்றினார். முப்பத்து மூன்று நாள்களில் சுல்தான் கொல்லப்பட்டார். அறிகுறி பலித்தது என்றனர் மக்கள். நாமறிந்த ஏடுகள் சுல்தானின் முடிவையும் புலவரின் நயத்தையும் நமக்குச் சொல்கின்றன. ஆறு பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லவில்லை. அவ்வளவு கனமான கல்லைத் தாங்க அடித்தளம் போதுமா என்று பார்க்க வேண்டியவர் யார், பார்த்தாரா என்ற விசாரணையையும் அவற்றில் காணோம்.

அறம் செய்தவருடைய பெயர் பெரிதாக இருக்கும்போது, அந்த அறத்தின் நிழலில் ஒதுங்கியவர்களைப் பற்றிக் கேள்வி கேட்பது நாகரிகமன்று என்ற எண்ணம் மனிதர்களுக்கு எப்போதும் உண்டு. தர்மம் செய்கிறவரைச் சந்தேகிக்கலாமா என்று கேட்கிறார்கள். சந்தேகிக்கலாம் என்பதோடு, முன்கூட்டியே சந்தேகித்து வேலி கட்டத்தான் வேண்டும் என்பதே நம் முன்னோர்களின் நூல்களிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம். அந்நூல்களில் சிலவற்றை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

திருமறையிலிருந்து தொடங்குவதே முறை. எத்தீம்களைப் பற்றிப் பேசும் வசனங்களுள் பல, எத்தீமிடம் இரக்கம் காட்டச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. அவற்றின் பார்வை பெரும்பாலும் காப்பாளர் மீதே பதிந்திருக்கிறது. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு மட்டமான பொருளை மாற்றி வைக்காதே. உன் சொத்தோடு கலந்து விழுங்காதே. பிள்ளை வளர்ந்துவிடுவானே என்று அவசரமாகச் செலவழிக்காதே. வசதியுள்ளவனாயின் விலகி நில். ஏழையாயின் நியாயமான அளவோடு நிறுத்திக்கொள். ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள். ஸூரத்துந் நிஸாவின் தொடக்கப் பகுதியில் விரிந்து கிடக்கும் கட்டளைகளின் சாரம் இது. சாட்சி வைக்கச் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காப்பாளன் யோக்கியன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியாதா? தெரியும். அப்படியிருந்தும் மனிதர்களுக்கு நடுவே அது நிரூபிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது கட்டளை.

அதே ஸூராவில் எத்தீம் பெண்களைப் பற்றிய குறிப்பை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவுக்கு விளக்கியிருக்கிறார்கள். காப்பாளரின் பொறுப்பில் வளரும் பெண்ணின் அழகும் செல்வமும் அவர் கண்ணை உறுத்துகின்றன. வேறெவரும் கொடுக்கக்கூடிய மஹரைக் கொடுக்காமலேயே அவளை மணக்க விரும்புகிறார். அவளுக்காக வாதாட வேண்டியவரே எதிர்க்கட்சியாகிவிட்டார். வலியிடத்தில் இருப்பவனுக்கும் அவன் தயவில் வாழும் பிள்ளைக்கும் நடுவே சம்மதம் என்ற சொல் எவ்வளவு பொய்யாகிவிடும் என்பதை இவ்விளக்கம் காட்டுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வளவு கூர்மையாக நோக்கியவர்கள், அடைக்கலம் கொடுப்பவர் எவரும் ஆபத்தற்றவர் என்று எண்ணிவிடவில்லை.

இவ்வசனங்கள் இறங்கியபோது தோழர்கள் நடுங்கிப் போனார்கள். தம் வீட்டில் வளர்ந்த எத்தீமின் சோற்றையும் குடிநீரையும் தனியே பிரித்து வைத்தார்கள். மிஞ்சியதைத் தொடாமல், பிள்ளை மீண்டும் உண்ணும் வரை, அல்லது கெட்டுப்போகும் வரை, அப்படியே வைத்திருந்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இது பெருஞ்சிரமமாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதன் பின்னரே, சேர்ந்து வாழலாம், சீர்செய்பவன் யார் கெடுப்பவன் யார் என்பதை அல்லாஹ் அறிவான் என்ற கருத்துள்ள வசனம் அல்பகராவில் இறங்கியது. தனிப் பானையில் ஆறிக் கிடந்த அந்தச் சோற்றை நாம் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பயம் இருந்தது, பிள்ளையோ தனிமைப்பட்டது. பயமும் போகாமல், பிள்ளையும் தனிமைப்படாமல் ஒரு வழி வேண்டியிருந்தது. இன்றும் அதே வழியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல் இருப்பார் என்ற நபிமொழி நம் எத்தீம்கானாக்களின் வாசல்களில் எழுதி வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். எழுதி வைக்கத் தக்கதே. ஆனால் முஸ்லிம் ஷரீபில் மற்றொரு நபிமொழியும் உண்டு. அதை எந்த வாசலிலும் நாம் கண்டதில்லை. அபூதர் (ரலி) அவர்களைப் பலவீனர் என்று குறிப்பிட்டு, இருவர்க்கும்கூடத் தலைமை ஏற்க வேண்டாம், எத்தீமின் பொருளுக்கும் பொறுப்பேற்க வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதர் யார்? துறவுக்கும் வாய்மைக்கும் உதாரணமாகச் சொல்லப்படுபவர். அப்பேர்ப்பட்டவரிடமே இது உமக்குரிய வேலையன்று எனச் சொல்லப்பட்டது. தக்வா ஒன்று, பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் திறமை மற்றொன்று. தொழுகையில் முன்வரிசையில் நிற்பவர் என்ற ஒரே தகுதியால் விடுதிக் காப்பாளராக நியமிக்கப்படுவோரைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த நபிமொழி நினைவுக்கு வரும்.

இனி எகிப்துக்கு வருவோம். அந்நாட்டு ஆளுநர்களையும் காஜிகளையும் பற்றி எழுதிய அல்கிந்தீ (மறைவு ஹி. 350) அரியதொரு செய்தி தருகிறார். ஹிஜ்ரி 86-இல் (கி.பி. 705) காஜியான அப்துர் ரஹ்மான் இப்னு முஆவியா இப்னு ஹுதைஜ் என்பவரே அந்நாட்டில் எத்தீம்களின் சொத்தைக் கண்காணித்த முதல் காஜி. ஒவ்வொரு குலத்துத் தலைவரையும் அக்குலத்து எத்தீம்களின் பொருளுக்குப் பிணையாக்கி, அதை எழுத்தில் பதிந்து, அந்த ஏட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பொறுப்பு உறவினரிடம், ஏடோ காஜியிடம்! கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒருவராக இருக்கக் கூடாதென்ற கொள்கை முதல் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் தவ்பா இப்னு நமிர் என்ற காஜி வக்ஃபுச் சொத்துகளைத் தம் மேற்பார்வையில் கொண்டுவந்தார். இவை இறுதியில் ஏழைகளுக்குச் சேரவேண்டியவை, குடும்பத்தார் கையில் அழிந்தும் பாகப்பிரிவினையில் கரைந்தும் போகாதிருக்க நாமே கை வைப்பது நலம் என்பது அவர் கூறிய காரணம். ஆண்டு ஹிஜ்ரி 118. அவர் மறைவதற்குள் அது ஒரு தனி அலுவலகமாகவே வளர்ந்துவிட்டது. பிறகு அல்உமரீ என்ற காஜி (பதவியேற்பு ஹி. 185) எத்தீம்களின் பணத்துக்கென ஒரு பெட்டியைச் செய்வித்துக் கருவூலத்தில் வைத்தார். இவர் மீது வேறொரு விவகாரத்தில் கையூட்டு வாங்கியதாகப் பெரும் குற்றச்சாட்டு எழுந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. பெட்டி செய்தவர் குற்றச்சாட்டுக்கு ஆளானார் என்பதற்காகப் பெட்டியை யாரும் தூக்கியெறிந்துவிடவில்லை. நல்லவர்களை நம்பி மட்டும் அமைக்கப்பட்ட ஏற்பாடாக இருந்தால் அவரோடு அதுவும் போயிருக்கும்.

பொருளைக் காப்பது ஒன்று. பிள்ளையையே காப்பது அதனினும் கடினமானது. பொருளை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் மனத்தில் விழுந்த காயத்தை எந்தக் கணக்கன் எண்ணுவான்? எத்தீம்கள் உறவினர் வீடுகளிலிருந்து அற நிறுவனங்களுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கடினமான பகுதி எழுந்தது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கியும் கெய்ரோவில் ஸலாஹுத்தீன் அய்யூபியும் இத்துறையில் முன்னோடிகள். அந்தலூஸியாவிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் 1183, 1184 ஆண்டுகளில் இவ்விரு நகரங்களையும் கண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கும் எத்தீம்களுக்கும் திருக்குர்ஆன் கற்பிக்கப் பள்ளிகள் நடப்பதையும், ஆசிரியர்க்கு ஊதியம் தரப்படுவதையும் வியந்து எழுதினார். (அவர் கண்ட மற்றொரு புதுமை: டமாஸ்கஸில் எழுத்துப் பயிற்சிக்குத் திருவசனங்களைத் தராமல் கவிதைகளைத் தந்தார்களாம். பலகையைக் கழுவும்போது இறைவசனம் அழிபடக் கூடாதென்ற மரியாதை! நம் ஊர் மக்தபுகளில் பலகை கழுவிய நீரைக் கால்படாத இடத்தில் ஊற்றிய முதியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.)

மம்லூக் காலத்தில் இது பெருவழக்காயிற்று. சுல்தான் கலாவூன் 1284-85இல் கட்டிய மருத்துவமனை, மதரஸா வளாகத்தோடு எத்தீம் மக்தபும் இணைந்திருந்தது. கோடைக்கும் குளிருக்கும் தனி உடை, நாள்தோறும் ரொட்டி என்றெல்லாம் வக்ஃபு ஆவணங்கள் விவரித்தன. பின்னர் கீழே தண்ணீர்ப்பந்தல், மேலே மக்தப் என்று ஒரு கட்டட வகையே கெய்ரோவுக்கு உரித்தாயிற்று. சுல்தான் காயித்பாய் 1479-இல் ஸலீபா வீதியில் கட்டியதும், அப்துர் ரஹ்மான் கத்குதா 1744-இல் கட்டியதும் இன்றும் நிற்கின்றன. மேல்மாடத்து மக்தப் வீதியை நோக்கி வளைவுகளோடு திறந்திருக்கும். வழிப்போக்கன் நீர் அருந்தும்போது தலைக்கு மேலே ஓதும் குரல் கேட்கும்.

பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது இந்தத் திறந்த அமைப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அக்கால மார்க்க நூல்களைப் படித்தவர்க்கு மற்றொரு காரணமும் தோன்றாமற் போகாது. கெய்ரோவில் வாழ்ந்த மாலிகீ அறிஞர் இப்னுல் ஹாஜ் (மறைவு ஹி. 737 / கி.பி. 1336) தம் ‘அல்மத்கல்’ நூலில் மக்தபின் இடத்தைப் பற்றியே விரிவாகப் பேசுகிறார். இயன்றால் அது கடைவீதியில் இருக்கட்டும். இயலாவிடில் மக்கள் நடமாடும் தெருவிலாவது இருக்கட்டும். ஆள் நடமாட்டமில்லாத ஒதுக்குப்புறத்தில் இருப்பது வெறுக்கத்தக்கது என்பது அவர் கருத்து. சந்தடி மிகுந்த கடைவீதி படிப்புக்கு இடையூறு என்று இன்றைய ஆசிரியர் சொல்வார். அந்த இடையூற்றை அவர்கள் அறியாதவர்களல்லர். பிள்ளைகள் ஊரார் கண்ணில் படும் இடத்தில் இருப்பதை அதனினும் பெரிதாகக் கருதினார்கள்.

சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென எழுதப்பட்ட கையேடுகள் இன்னும் வெளிப்படையானவை. ஸலாஹுத்தீன் காலத்து ஷைஸரீயின் நூலும், அதைப் பின்பற்றி விரித்த இப்னுல் உகுவ்வாவின் (மறைவு ஹி. 729 / கி.பி. 1329) ‘மஆலிமுல் குர்பா’வும் இவ்வகையின. ரொட்டிக்கடையின் மாவையும் கசாப்புக்கடையின் தராசையும் சோதிக்கும் அதே அதிகாரி, பிள்ளைகளின் ஆசிரியரையும் சோதிக்க வேண்டும். ஆசிரியர் பணியைப் புனிதமானதென்று சொல்லிச் சோதனையிலிருந்து அவர்கள் விலக்கு அளிக்கவில்லை. இப்னுல் உகுவ்வா சொல்வதைப் பாருங்கள்: மணமாகாதவர் மக்தப் திறக்க அனுமதி இல்லை, மார்க்கப் பற்றுக்கும் நற்குணத்துக்கும் பேர்போன முதியவராயின் விலக்குண்டு, அவருக்கும்கூட நம்பத்தக்கோர் நற்சான்று அளித்துத் தகுதி உறுதியான பிறகே அனுமதி. மணவாழ்வு ஒருவரின் ஒழுக்கத்துக்குப் பிணையாகும் என்ற அவர்களுடைய கணிப்பு சரியென்று நாம் சொல்ல மாட்டோம். குடும்பஸ்தர்கள் இழைத்த கேடுகளையும் உலகம் கண்டிருக்கிறது. ஆனால் முன்விசாரணை இல்லாமல் பிள்ளைகளை எவரிடமும் ஒப்படைப்பதில்லை என்ற விதி இருக்கிறதே, அது பொன்னானது.

மேலும் படியுங்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிடும் ஆள் நம்பிக்கைக்குரியவனா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் அவன் கையில் இருக்கிறார்கள்; ஆளில்லாத இடங்களில் அவன் அவர்களோடு தனித்திருக்க நேர்கிறது. ஆசிரியர் தம் சொந்த வேலைக்குப் பிள்ளைகளை ஏவக் கூடாது. எரு சுமப்பது, கல் சுமப்பது போன்ற, பெற்றோர்க்கு இழிவு தரும் வேலைகளைக் கொடுக்கக் கூடாது. ஆளில்லாதபோது தம் வீட்டுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

தனித்திருத்தல் என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை அனுபவம் அடங்கியிருக்கிறது! பள்ளி வண்டி ஓட்டுநரையும் விடுதிச் சமையற்காரரையும் காவலாளையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று இன்றைய வல்லுநர்கள் சொல்லும்போது, இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புது மோஸ்தர் என்று முகம் சுளிப்பவர் நம்மில் உண்டு. அவர்கள் முஹ்தஸிபின் கையேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

பிரம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைரவானில் வாழ்ந்த இப்னு ஸஹ்னூன் (மறைவு ஹி. 256 / கி.பி. 870) எழுதிய ‘ஆதாபுல் முஅல்லிமீன்’, பிள்ளைகளின் ஆசிரியர்க்கென்றே எழுந்த மிகப் பழைய நூல்களில் ஒன்று. அதே நகரின் அல்காபிஸீ (மறைவு ஹி. 403 / கி.பி. 1012) அதை விரித்தெழுதினார். அடிப்பதை இவர்கள் முற்றாகத் தடுக்கவில்லை. அதை மறைப்பது அறிவு நாணயமாகாது. ஆனால் தலையிலும் முகத்திலும் கை வைக்கக் கூடாது, கோபத்தில் அடிக்கவே கூடாது, எண்ணிக்கையில் எல்லை மீறக் கூடாது, பிள்ளையின் உணவை நிறுத்தித் தண்டிக்கக் கூடாது என்று கட்டினார்கள். எல்லை மீறி அடித்து உடற்சேதம் நேர்ந்தால் ஆசிரியர் ஈடுகொடுக்கக் கடமைப்பட்டவர். ஏழைப் பிள்ளையையும் செல்வர் பிள்ளையையும் ஒரே தரத்தில் நடத்த வேண்டும்; இது எத்தீமுக்கு மிக முக்கியமான பாதுகாப்பு. ஏனெனில் தட்டிக்கேட்க வாசலில் வந்து நிற்கத் தந்தை இல்லாதவன் முதுகில்தான் பிரம்பு எளிதாக இறங்கும். 1377-இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஆழமாகப் போனார். கடுமைக்கு ஆளாகி வளரும் பிள்ளை, அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் கற்கிறது. பின்னர் அதுவே அதன் இயல்பாகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு அமர்ந்து ஓதிக்கொடுத்த நாம் அதற்கு மாற்றாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியாவில் 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடைசெய்தது. முன்னோர்கள் எல்லை கட்டிய திசையில் வைக்கப்பட்ட அடுத்த அடியாகவே அதை நாம் கொள்கிறோம்.

இந்த விதிகளெல்லாம் அப்படியே கடைப்பிடிக்கப்பட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்றைச் செய்யாதே என்று நூல்கள் திரும்பத் திரும்ப எழுதினால், அதைச் செய்தவர்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள். மம்லூக் அரசு படைச்செலவுக்குப் பணம் போதாதபோது எத்தீம்களின் வைப்பு நிதியில் கடன் என்ற பெயரில் கைவைத்ததுண்டு. வக்ஃபுகளும் பல இடங்களில் பாழ்பட்டன. ஆனாலும், தவறு நேரலாம் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய நூல்கள் அவை. நம் காலத்து நிறுவன அறிக்கைகளில் அந்த ஒப்புதலைத்தான் காண முடியவில்லை. கட்டடப் படமும் கொடையாளர் பட்டியலும் இருக்கும். ஒரு பிள்ளை புகார் சொல்ல விரும்பினால் யாரிடம் போகும் என்ற வரி இராது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரின் எத்தீம்கானாவில் விடுதிப் பொறுப்பாளர் ஒருவர்மீது பிள்ளைகள் முறையிட்டார்கள். நிர்வாகக் குழு கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. ஊர் மானம், நன்கொடை, பகைவர்களுக்கு வாய்ப்பாகிவிடுமே என்ற அச்சம் எல்லாம் பேசப்பட்டன. இறுதியில் அவரை அமைதியாக அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு நற்சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் காட்டி அவர் மற்றோர் ஊரில் அதே வேலையில் சேர்ந்தார். குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்களல்லர். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியை அவர்களில் ஒருவர் ஆதாரமாகவும் காட்டினாராம்.

நபிமொழி உண்மை. அதன் எல்லை என்ன? ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களிடமே கேட்போம். டமாஸ்கஸின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கலாசாலைக்குத் தலைமை வகித்து, ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த அப்பெரியார், இதே நபிமொழியின் விளக்கத்தில் ஒரு பிரிவினை செய்கிறார். மறைத்தல் என்பது, தீங்குக்கும் கேட்டுக்கும் பேர்போகாத ஒருவர் எப்போதோ சறுக்கி முடிந்துபோன குற்றத்துக்கு உரியது. கேடு செய்வதே வழக்கமானவரை மறைக்கலாகாது. அதிகாரத்திலுள்ளோரிடம் தெரிவிப்பதே விரும்பத்தக்கது, மறைத்தால் அவருக்குத் துணிவு கூடும். இவ்வளவோடு நிறுத்தாமல், ஹதீஸ் அறிவிப்பாளர்கள், சாட்சிகள், தர்மங்களுக்கும் வக்ஃபுகளுக்கும் எத்தீம்களுக்கும் பொறுப்பாளர்களாக இருப்போர் ஆகியோரின் குறையைத் தேவை ஏற்படும்போது வெளிப்படுத்துவது கடமையே என்கிறார். அவர்களின் தகுதியைக் குலைக்கும் ஒன்றைக் கண்ட பிறகு மறைப்பது ஆகுமானதன்று. அது புறம்பேசுதலும் அன்று, கட்டாயமான நலம்நாடலே என்றும் தெளிவுபடுத்துகிறார்.

எத்தீம்களின் பொறுப்பாளர் என்று பெயர் சுட்டியே எழுதியிருக்கிறார்! ஹதீஸ் அறிவிப்பாளரின் பக்கத்தில் அவரை நிறுத்தியிருப்பதும் எண்ணத்தக்கது. மார்க்கம் பழுதாகாமலிருக்க, பெரும் வணக்கசாலிகளைக்கூட நினைவாற்றல் போதாதவர் என்று எழுதிவைத்த சமுதாயம் நம்முடையது. பெற்ற தந்தையையே நம்பத்தகாத அறிவிப்பாளர் என்று சொன்ன ஹதீஸ் அறிஞரும் உண்டு. எத்தீமின் உடலும் மனமும் பழுதாகாமலிருக்க அதே நெஞ்சுரம் வேண்டும் என்பது இமாம் அவர்களின் தீர்ப்பு. மேற்சொன்ன குழுவினர் நபிமொழியைப் படித்தார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

நாட்டின் சட்டமும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நம் தமிழகத்துச் செய்தி ஒன்றே காரணமாயிற்று. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவது பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையை இணைத்து வந்த கடிதத்தை உச்ச நீதிமன்றம் 2007-இல் வழக்காக ஏற்றது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களின் பெயராலேயே அவ்வழக்கு அறியப்படுகிறது. பத்தாண்டுகள் நடந்து, 2017 மே 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குழந்தைகள் இல்லங்கள் யாவும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பன அதன் கட்டளைகளுள் சில. தனித்தனியே என்பது கவனிக்கத்தக்கது. நூறு பிள்ளைகளை நூறு தட்டுகளாக எண்ணும் நிர்வாகத்துக்கு இது புதுப் பாடம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் கடுமையானது. கல்வி நிலையத்தையோ மார்க்க நிறுவனத்தையோ நடத்துகிறவரும் அங்கே பணிபுரிகிறவரும் அங்குள்ள பிள்ளையிடம் இழைக்கும் குற்றத்தை அது கூடுதல் கொடுமையாகக் கருதித் தண்டனையை உயர்த்துகிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தம் கீழுள்ளவர் செய்ததைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பேசும் குழுக்கள் இதை அறிந்திருத்தல் நலம். விசாரிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. தெரிவிக்கும் கடமையே உண்டு.

இவ்வளவும் சொன்னால் உஸ்தாதுகளின் கண்ணியம் என்னாவது என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நாமும் உஸ்தாதே. ஒரு பொய்ப் புகாரால் ஒருவர் வாழ்வு சிதைந்துவிடக் கூடுமென்ற அச்சம் நமக்கும் உண்டு. இதற்கும் விடை இப்னுல் உகுவ்வாவிடமே இருக்கிறது. ஆளில்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று தடுத்த அவர், அதற்குக் கூறிய காரணம் ஆசிரியர்மீது பழிச்சொல் வந்துசேரும் என்பதே. வீதியைப் பார்த்துத் திறந்திருக்கும் மக்தபில் அமர்ந்தவர்மீது பொய் சொல்வது கடினம். பூட்டிய அறையில் இருந்தவர்க்கு மெய்யை நிறுவுவதும் கடினம். ஓதிக்கொடுக்கும் அறைக்குக் கண்ணாடிச் சாளரம் வைத்த கதவு, பிள்ளை தனியே வரவழைக்கப்படாத ஒழுங்கு, இரவில் விடுதியில் ஒருவர்க்கு இருவராகப் பொறுப்பாளர், நிர்வாகத்தோடு உறவோ ஊதியமோ இல்லாத ஒரு பெண்மணியும் ஓர் ஆடவரும் மாதந்தோறும் வந்து பிள்ளைகளோடு தனியாகப் பேசிப் போவது ஆகிய இவற்றுக்கு ஒரு மினாராவின் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. பெயர்ப்பலகை வைக்க இடமில்லாத செலவு என்பதால்தான் கொடையாளர்கள் கண்ணில் இது படுவதில்லை போலும்.